லிட்டருக்கு ஒன்பது

"பெருசு ரொம்பக் குடிக்குதுக்கா. இப்பல்லாம் தாங்க முடியலை."

தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி போனில் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம், டீசல் சீட்டில் கையெழுத்து வாங்க வந்த டிரைவர், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார். ஒட்டுக் கேட்கிற புத்தி அவருக்குக் கிடையாது. ஆனால் தடுப்பு மெல்லிய ஒட்டுப்பலகை. காது தானாகவே போய் ஒட்டிக்கொண்டது.

"அப்பா இருந்தப்ப ஒழுங்காத்தான் இருந்துச்சு. இப்ப காலையில கிளப்பறதுக்குள்ள நமக்கு உயிர் போகுது. பக்கத்துல நிக்க முடியலை, அப்படி ஒரு நாத்தம். ஒரு மேடு ஏறினா மூச்சு வாங்குது. பாவமாத்தான் இருக்கு. ஆனா நாம ஏத்துறது கண்ணாடி. எங்கயாவது போய் மோதிட்டா யாரு பதில் சொல்றது?"

அக்கா என்னவோ கேட்டாள் போலிருக்கிறது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். குறைஞ்சா சரி. குறையலைன்னா அனுப்பிட வேண்டியதுதான். வெளியில யாரும் எடுத்துக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்."

டிரைவர் கையெழுத்து வாங்காமலே திரும்பி வந்தார். கண்ணாடிக் கடைக்குப் பின்னால், மழைக்கும் வெயிலுக்கும் பொதுவாக, அந்தப் பழைய டீசல் பிக்கப் நின்றுகொண்டிருந்தது. முதுகில் கண்ணாடிகளைச் சாய்த்து வைக்கும் மரச்சட்டம், முகத்தில் மஞ்சள் பூத்த விளக்குகள், அடியில் எப்போதும் ஒரு சொட்டு எண்ணெய். பெரிய முதலாளி காலத்தில் வாங்கியது. வாங்கிய நாள் முதல் இந்த டிரைவர் ஒருவர்தான் அதை ஓட்டுகிறார். கடைக்குப் புதிதாக ஒரு குட்டி வண்டி வந்த அன்று, மனசு கேட்காமல், பழையதற்குப் 'பெருசு' என்று பேர் வைத்தவரும் அவரே.

குட்டி வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்தது. பெருசு ஒன்பது. அதுவும் நல்ல நாளாக இருந்தால்.

பெருசு போனால் தானும் போக வேண்டியதுதான் என்பது அவருக்குப் புரிந்தது. குட்டி வண்டிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இந்த வயதில் யார் வாசலில் போய் நின்று "டிரைவர் வேணுமா?" என்று கேட்பது? மனைவிக்கு முழங்கால் தேய்ந்து, சலவைக் கடை வேலையை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வருவது இவருடைய ஒரு சம்பளம்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"வண்டியை அனுப்பப் போறாங்களாம்."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"ரொம்பக் குடிக்குதாம்."

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். அவள் பார்வை அவர் முகத்தில் ஆரம்பித்து, அலமாரி மேல்தட்டுக்குப் போய், அரிசி டின்னுக்குப் பின்னால் தலைநீட்டிய பாட்டிலில் கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது.

"குடிக்கிறதைப் பத்தி இந்த வீட்டுல நீங்க பேசறீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது டீசல்."

"ரெண்டும் நாத்தம்தான்."

டிரைவர் தன்னைக் குடிகாரர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. குடிகாரன் என்றால் தெருவில் விழுந்து கிடப்பவன். இவர் வீட்டுக்கு வந்துதான் விழுவார். சாயங்காலம் முதுகுவலிக்கு ஒன்று, அப்புறம் தூக்கத்துக்கு ஒன்று. காலையில் கை நடுங்கினால், ஸ்டீயரிங் பிடிக்க வேண்டுமே என்று ஒரு மடக்கு. அது மருந்துக் கணக்கில் சேரும்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனார். அவருக்கு 'நாசில்' என்று பட்டப்பெயர்; எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற மூக்கின் பேர் அது. எந்த வண்டி என்ன நோயோடு வந்தாலும், கதவு பூட்டு ரிப்பேராக இருந்தாலும்கூட, "நாசில் போச்சு" என்பார்.

"மைலேஜை ஏத்தணும்யா."

"எவ்வளவு தருது?"

"ஒன்பது."

"இந்த வயசுக்கு அதுவே மரியாதை. நாசிலை மாத்து."

"செலவுன்னு போய் நின்னா மொதலாளி இன்னைக்கே அனுப்பிடுவார். காசு கேக்காத வைத்தியமா ஏதாவது சொல்லு."

நாசில் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப டயர்ல காத்தை ஏத்து. பாரத்தைக் குறை. எறக்கத்துல நியூட்ரல் போட்டு விடு. ஆக்ஸிலேட்டர்ல பூ மாதிரி காலை வை. இதுக்கு மேல வேணும்னா நீயே எறங்கித் தள்ளு."

டிரைவர் காற்றில் ஆரம்பித்தார். டயர்கள் கல்லாகிற வரைக்கும் ஏற்றினார். வண்டி சும்மா வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் சாலையில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லையும் அது தனித்தனியாக அவருக்கு அறிமுகம் செய்துவைத்தது. தையல் கடைக்கு ஏற்றிப்போன ஆளுயரக் கண்ணாடி, போய்ச் சேர்ந்தபோது இரண்டு அரை ஆள் உயரக் கண்ணாடிகளாக இருந்தது.

கண்ணாடி வெட்டுகிறவர்தான் அதைத் திரும்ப இறக்கினார். கடையில் அவரைக் கட்டர் என்பார்கள். கோடு போடுகிற பென்சில் எந்நேரமும் அவர் வாயிலேயே இருப்பதால், அவர் சொல்கிற பாதி பென்சிலோடு நின்றுவிடும். அதனாலேயே அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலாளி வந்து உடைந்த துண்டுகளைப் பார்த்தார். "எங்கண்ணே மோதினீங்க?"

"மோதலை மொதலாளி. காத்து கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

முதலாளி அவர் முகத்தருகே குனிந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

"காத்துதான்" என்றார். மூக்கைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அடுத்தது பாரம். ஸ்டெப்னி டயரைக் கழற்றி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போட்டார். ஜாக்கி, கம்பி, தார்ப்பாய், காலுக்குக் கீழே விரித்த ரப்பர் எல்லாம் அதன் பின்னாலேயே வீட்டுக்குப் போயின. கடைசியில் பக்கத்துச் சீட்டையும் கழற்றிக் கடை மூலையில் போட்டார். அதில் உட்கார்ந்து வருகிற கட்டர், பின்னால் ஏறி, கண்ணாடிகளோடு கண்ணாடியாக நின்றுகொண்டு வர வேண்டியதாயிற்று.

"என்னண்ணே இது?" என்றார் கட்டர், பென்சிலுக்கு இடையில்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கப்பா. இல்லைன்னா மாசக் கடைசியில அனுப்பிடுவாங்க. மொதலாளி சொன்னதை நானே காதால கேட்டேன்."

கட்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அதுக்குத்தானே இந்தப் பாடு!"

கட்டர் பென்சிலை அழுத்திக் கடித்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார்.

இவ்வளவு கழற்றியும் மைலேஜ் பத்தைத் தாண்டவில்லை. கழற்ற வேண்டிய பாரம் இன்னும் ஒன்று வண்டியில் பாக்கி இருப்பது டிரைவருக்கு அப்புறம்தான் உறைத்தது. அது அவரேதான். காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். மதியம் பாதியாக்கினார். மருந்தை மட்டும் நிறுத்த முடியவில்லை. அது திரவம்தானே, எடை எங்கே வரப்போகிறது? ஆனால் காலி வயிற்றில் மருந்து வேகமாகப் பிடித்தது. ஒரு நாள் காலை கடை வாசலில் வண்டியை விட்டு இறங்கியவர், தலை சுற்றி, கேட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நாள் பிரிந்திருந்த சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லை மொதலாளி. சாப்பிடலை."

"வெறும் வயித்துலேயேவா?"

"அப்பத்தானே மொதலாளி பாரம் தெரியாது!"

முதலாளியின் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் இந்த டிரைவரின் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தவர். "அண்ணே, நீங்க படற பாடு எனக்குத் தெரியுது. ஆனா ஒரேடியா எல்லாத்தையும் பண்ணாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. பாடி தாங்காது."

"தாங்கும் மொதலாளி. அந்தக் காலத்து இரும்பு."

அன்று முழுவதும் டிரைவருக்கு ஒரே சந்தோஷம். மைலேஜுக்காகத் தான் உருகுவது முதலாளிக்கே தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் முட்டினால் பெருசைக் காப்பாற்றிவிடலாம்.

அந்த உற்சாகத்தில்தான் இறக்கத்தில் கை வைத்தார். நியூட்ரல் போதாது என்று தோன்ற, மேட்டு உச்சியில் எஞ்சினையே அணைத்துவிட்டார். பெருசு சத்தமில்லாமல், ஒரு சொட்டு டீசல் குடிக்காமல், கீழ்நோக்கிக் கிளம்பியது. எஞ்சின் நின்றால் பிரேக்கும் பாதி உயிரை விட்டுவிடும் என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். வண்டி இடது பக்கம் போய்ப் பார்த்தது, வலது பக்கம் போய்ப் பார்த்தது, இரண்டும் பிடிக்காமல் சந்திப்பின் நடுவில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரரின் பூட்ஸ் நுனிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் கட்டர் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"கீழ எறங்குய்யா. வாயை ஊது."

ஊதினார். போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

"என்னய்யா குடிச்சே?"

"டீசல் சார்."

உண்மைதான். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, அன்று காலை டியூபை வைத்து வாயால் உறிஞ்சியிருந்தார். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. அந்த வாடை போக வழக்கமான மருந்தில் இரண்டு மடக்கு.

"டீசலா?"

"டீசலும் சார்."

சோதனை செய்கிற கருவி அப்போது வேறு சந்திப்பில் இருந்தது. போலீஸ்காரர் வண்டிக் கதவில் எழுதியிருந்த கடை நம்பருக்குப் போன் போட்டார். முதலாளி காரில் வந்து, ஓரமாகப் போய், தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப நேரம் பேசினார். கட்டர் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போனார். டிரைவரை முதலாளியே வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மொதலாளி. எல்லாம் மைலேஜுக்காகத்தான்."

முதலாளி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாசக் கடைசி வரைக்கும்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். சொன்ன வார்த்தையைக் காப்பாத்துவேன். அது வரைக்கும் பார்த்துப் போங்கண்ணே."

இன்னும் அவகாசம் இருக்கிறது என்பது மட்டும்தான் டிரைவர் காதில் விழுந்தது.

கணக்கு சரியாகத் தெரிய வேண்டுமென்றால் டேங்கை நம்பாதே, பாட்டில் வைத்துப் பார் என்றார் நாசில். ஒரு லிட்டர் பாட்டிலில் டீசலை ஊற்றி, வண்டிக்குள் உயரத்தில் கட்டி, டியூபை நேரே எஞ்சினுக்கு விட்டால், அந்த ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது கண்ணுக்கு எதிரேயே தெரிந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் டிரைவர் வீட்டில் லிட்டர் பாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அரிசி டின்னுக்குப் பின்னால், முக்கால்வாசி நிறைந்திருந்தது.

காலி செய்யாமல் எப்படி எடுப்பது? கீழே கொட்டலாம் என்று மனைவி சொன்னாள். அதைக் கேட்டு டிரைவர் அதிர்ந்துபோனார். சாயங்காலமே உட்கார்ந்து காலி செய்ய ஆரம்பித்தார். மனைவி எதிரில், நீட்டிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்காகத்தான்" என்றார் அவர்.

"வண்டிக்குக் குறையுது. உங்களுக்கு ஏறுது." அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

டிரைவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "வண்டி தங்கிட்டா எல்லாம் சரியாயிடும். அப்புறம் இதைத் தொடவே மாட்டேன். சத்தியம்."

சத்தியம் செய்யும்போது அவர் மனதாரத்தான் செய்தார். அதுவும் உண்மை.

மறுநாள் பெருசின் உள்ளே, சீட்டு கழற்றிய இடத்துக்கு மேல், கைப்பிடியில் பாட்டில் தொங்கியது. லேபிளைச் சுரண்ட நேரமில்லை. உள்ளே பொன்னிறத்தில் டீசல் தளும்பியது. பாட்டிலின் கழுத்திலிருந்து ஒரு டியூப் அவர் முகத்தைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்கியது. டிரைவர் பூப்போலக் கால் வைத்து ஓட்டினார். ஒன்பது வந்தது, பாட்டில் தீரவில்லை. பத்தும் வந்தது, பதினொன்றும் வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார், "இன்னும் கொஞ்சம்டா கண்ணா" என்று வண்டியைக் கொஞ்சினார்.

சிக்னலில் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. பார்த்தால் முதலாளி. பின்சீட்டில் வெளியூரிலிருந்து வந்திருந்த அக்கா. டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாட்டிலைக் கையில் ஏந்தி, லேபிள் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"மொதலாளி! இவ்வளவு தூரம் வந்தும் இன்னும் பாக்கி இருக்கு பாருங்க!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி கார்க் கண்ணாடியை மெதுவாக ஏற்றினார். பச்சை விழுந்து ரொம்ப நேரம் அந்தக் கார் நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அதிர்ச்சியில் மனுஷன் மலைத்துப்போய்விட்டார் என்று டிரைவர் பெருமைப்பட்டார்.

பாட்டில் பதிமூன்றில்தான் காலியானது.

மாசக் கடைசி அன்று டிரைவர் சவரம் செய்துகொண்டார். கை நடுங்கி, முகவாயில் இரண்டு வெட்டு. நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். மனைவி வாசல்வரை நொண்டிக்கொண்டு வந்து, "நல்ல செய்தியோட வாங்க" என்றாள். வழியில் தைரியத்துக்கு ஒரே ஒரு மடக்கு. இதுதான் கடைசி என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டார்.

முதலாளி மேசையில் ஒரு கவர் தயாராக இருந்தது.

"பதிமூணு மொதலாளி!"

"என்னது பதிமூணு?"

"லிட்டருக்கு! ஒன்பதுலேர்ந்து பதிமூணு. இவ்வளவு பழைய டீசல் வண்டி வேற எங்கயும் இதைத் தராது. நாசிலைக் கேட்டுப் பாருங்க."

முதலாளி ஒரு கணம் குழம்பிப்போனார். பிறகு வலுக்கட்டாயமாகச் சிரித்தார். "பரவாயில்லையே. அப்ப இன்னும் நாலஞ்சு வருஷம் ஓடும்."

"அப்ப வண்டியை வெச்சுக்கறீங்களா மொதலாளி?"

"பின்ன? அது எங்க போகப்போகுது? இங்கதான் இருக்கும்."

டிரைவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேசையைச் சுற்றி வந்து முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முதலாளி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சாவியை வெச்சுட்டுப் போங்கண்ணே. இந்தக் கவர்ல சம்பளத்தோட கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கேன். நேரா வீட்டுக்குப் போய் அண்ணிகிட்ட கொடுங்க. வேற எங்கயும் போகாதீங்க."

மைலேஜுக்கு இனாம் என்று டிரைவர் புரிந்துகொண்டார். சாவியை மேசை மேல் வைத்தார். முதலாளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போகிறார் போலும்.

வெளியே பெருசின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு புது ஆள், இஸ்திரி போட்ட சட்டையோடு, பக்கக் கண்ணாடியைத் தன் பார்வைக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கொண்டிருந்தார். நாசில் அனுப்பிய ஆளாக இருக்கும். கட்டர், கழற்றி வைத்திருந்த சீட்டைத் திரும்பப் பூட்ட எடுத்து வந்தவர், டிரைவரைக் கண்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

டிரைவர் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஜெயிச்சுட்டோம்பா! பெருசு ரொம்பக் குடிக்குது, அனுப்பிடலாம்னு சொன்ன அதே வாயால, இங்கதான் இருக்கும்னு சொல்ல வெச்சுட்டேன்!"

கட்டர் வாயிலிருந்த பென்சிலை முதல் தடவையாகக் கையில் எடுத்தார்.

"அண்ணே... வண்டியைப் பெருசுன்னு நீங்க மட்டும்தான் சொல்லுவீங்க. இந்தக் கடையில நாங்க எல்லாரும் பெருசுன்னு சொல்றது உங்களைத்தாண்ணே."